வேற்றுச் செல்

காலையில் பல் துலக்கியதும் விளக்குப் பார்ப்பது ஈரோட்டில் எல்லா வீடுகளிலும் நடக்கும் வேலை. நன்மொழியின் வீட்டில் அந்த ஊதாவிளக்கு கைகழுவும் தொட்டிக்கு மேலே சுவரில் பதிக்கப்பட்டிருந்தது. இடது கையைத் திருப்பி, மணிக்கட்டின் உள்பக்கத்தை அதனடியில் காட்டி, அசையாமல் நிற்க வேண்டும். தோலுக்கடியில் ரத்தக்குழாய் ஓடும் தடம் வெளிர்நீலமாக மினுங்கும். நீலம் என்றால் உடம்பில் ஒன்றுமில்லை. விளக்கை ஒட்டியிருந்த சிறு திரையில் பெயரும் ‘நலம்’ என்ற சொல்லும் வரும். அதே சொல் வீட்டிலுள்ள மற்றப் பெரியவரின் கைபேசிக்கும் போய்ச் சேரும்.

தொட்டியின் ஓரத்தில் எப்போதும் ஒரு சோப்புக்கட்டி இருந்தது. ஈரோடு மஞ்சள் ஊர். மஞ்சளுக்கும் ஊதா ஒளியில் ஒளிரும் குணம் உண்டு. சமைத்த கையோடு விளக்கடிக்கு வந்தால் கருவி குழம்பிப்போய்த் தப்பான நிறத்தைக் காட்டும். அதனால் முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் ஊரில் எல்லோரும் கை நீட்டுவார்கள்.

அன்று நன்மொழி கழுவித் துடைத்துக் கை நீட்டியபோது, கணவன் சேரலாதன் தன் முறைக்காகப் பின்னால் நின்றிருந்தான். நீலத் தடத்தின் நடுவே செம்மஞ்சளாக ஒரு புள்ளி, கடுகில் பாதிகூட இருக்காது, மேலிருந்து கீழே ஓடி மறைந்தது.

“அதென்னது?” என்றான் சேரலாதன்.

“எது?”

“இப்ப ஓடுச்சே.”

அவள் கையை எடுக்காமல் நின்றாள். மறுபடி எதுவும் ஓடவில்லை. ஆனால் திரையில் ‘நலம்’ வரவில்லை. ‘மறுபார்வை’ என்று வந்தது. அவனுடைய சட்டைப்பையில் கைபேசி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

“சோப்புப் போட்டயா?”

“போட்டேங்க.”

“இன்னொருக்கா போட்டுட்டுக் காட்டு.”

அவள் மறுபடி கழுவிக் காட்டினாள். வெறும் நீலம். திரை மட்டும் சொன்னதை மாற்றவில்லை.

நன்மொழி கல்லூரியில் படித்த காலத்தில் ஒளிமிகள் வந்தன. நானோ புரோப் என்று மருத்துவர்கள் சொன்னதற்கு நல வாரியம் வைத்த பெயர் ஒளிமி. ஆண்டுக்கு ஓர் ஊசி. அதில் ஏறும் துகள்கள் உயிருள்ள செல்களுக்குள் புகுந்து காத்திருக்கும். நோய் தொடங்குவதற்கு முன்பே செல்லுக்குள் ஏதாவது ஒரு பொருள் அதற்கு அடையாளமாக உருவாகும். அந்தக் குறிப்பொருள் தட்டுப்பட்டதும் ஒளிமி அதைப் பற்றிக்கொண்டு அந்த நோய்க்குரிய நிறத்தில் ஒளிரும். ஆள் தன் உடம்பில் வலியை உணர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே நிறம் வந்துவிடும். எத்தனையோ பேர் அதனால் பிழைத்தார்கள். நன்மொழியின் அப்பா ஒளிமி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கணையப் புற்றில் இறந்தவர். வந்திருந்தால் இருந்திருப்பார் என்று அவள் நம்பினாள்.

பிறகு குடும்ப ஒளி வந்தது. தன் நிறத்தைக் கணவன் மனைவியிடமும் மனைவி கணவனிடமும் மறைத்த வழக்குகள் பெருகியபோது, ஒரே கூரையின் கீழ் வாழ்கிறவர்களுக்கு ஒருவர் ஒளியை ஒருவர் அறிய உரிமை உண்டு என்று வாரியம் சொன்னது. திருமணப் பதிவின்போதே இருவரும் விரல் வைத்து ஒப்புக்கொள்வார்கள். வேண்டாமென்று விலகவும் வழி இருந்தது. விலகியவர்களை யாரும் நம்புவதில்லை.

அடுத்து வந்த காலைகளில் சேரலாதன் அவளுக்கு முன்பே எழுந்து தொட்டியருகே நின்றான். மின்வண்டிப் பணிமனை வைத்திருப்பவன். பழுது எங்கே என்று கண்டுபிடிக்காமல் ஒரு வண்டியைக்கூட வெளியே விடமாட்டான். அதே கண்ணோடு அவள் மணிக்கட்டைப் பார்த்தான். முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. சில நாள் வெறும் நீலம். ஒரு நாள் மறுபடி அந்தப் புள்ளி ஓடியது. இந்த முறை இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

மறுபார்வை மையத்தை நடத்திவந்த டாக்டர் பர்ஹானா, நன்மொழியோடு பள்ளியில் ஒன்றாகப் படித்தவள். ரத்தம் எடுத்து, அதில் ஒளிரும் செல்லை மட்டும் பிரித்துப் பார்த்தவள், உதவியாளரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அது நன்மொழிக்குப் பிடிக்கவில்லை.

“என்ன நோவு? நேராச் சொல்லு.”

“உனக்கு ஒண்ணுமில்ல மொழி. உன்ற செல் அத்தனையும் நீலம்.”

“அப்ப ஓடுறது?”

“அது உன்னுது இல்ல.” பர்ஹானா திரையை அவள் பக்கம் திருப்பினாள். “வேற ஆளோட செல்லு. உயிரோட இருக்குது. ஆம்பளைச் செல்லு.”

நன்மொழிக்கு முதலில் புரியவே இல்லை. கருவி கெட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டாள். வேறு யாருடைய ரத்தமாவது கலந்துவிட்டதா என்று கேட்டாள். மூன்று கருவியில் போட்டுப் பார்த்துவிட்டதாகப் பர்ஹானா சொன்னாள்.

“கருவுல இருக்கற குழந்தையோட செல்லு கொஞ்சம் அம்மா உடம்புக்குள்ள தங்கிரும். எலும்பு மச்சைக்குள்ள போய் உக்காந்துட்டு, அங்கிருந்து அப்பப்ப ரத்தத்துல வரும். முப்பது நாப்பது வருசம்கூட இருக்கும். இது டாக்டருகளுக்குப் பழைய விசயந்தான், பழைய விளக்குக்கு இத்தன கூர்மை இல்ல. புதுசு ஒத்தைச் செல்லையும் பிடிச்சுருது.”

“எனக்குத் தளிர் ஒருத்திதான். அவ பொண்ணு.”

“தெரியும்.” பர்ஹானா கைபேசியைப் பார்த்தாள். “சேரலுக்கும் இந்நேரம் போயிருக்கும். நான் தடுக்க முடியாது மொழி. தானாப் போயிரும்.”

தோழி தன்னிடம் இன்னும் எதையோ மறைக்கிறாள் என்று நன்மொழிக்குத் தோன்றியது. வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்த பிறகுதான், பர்ஹானாவும் தன்னைப் பற்றி அதையேதான் நினைத்திருப்பாள் என்பது உறைத்தது.

வீட்டில் சேரலாதன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். பணிமனையிலிருந்து பாதியில் வந்திருந்தான்.

“வேற்றுச் செல். ஆண்,” என்று கைபேசியிலிருந்து வாசித்தான். “ரத்தம் ஏத்துனா வரும்னு போட்டுருக்குது. நீ ஏத்திக்கிட்டதில்ல.”

“இல்லீங்க.”

“இல்லைன்னா வயித்துல ஆம்பளைப் புள்ள இருந்திருக்கோணும்னு போட்டுருக்குது.”

அவள் எதிரே உட்கார்ந்தாள். “நமக்குத் தளிர் மட்டுந்தானேங்க.”

“நமக்கு,” என்றான் அவன். பிறகு, வாடிக்கையாளரிடம் பேசும் அதே பொறுமையான குரலில், “எனக்கு முன்னாடி ஏதாச்சும் இருந்துச்சுன்னா சொல்லிரு மொழி. கோவிச்சுக்க மாட்டேன்,” என்றான்.

“ஒண்ணும் இல்லீங்க.”

“ஒண்ணும் இல்லாம எப்பிடி ஓடுது?”

அவன் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். அவன் கத்தவில்லை. எழுந்து, அவளுக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போனான்.

அந்த வாரத்தில் வாரியத்திலிருந்து அருள்வளவன் என்ற அதிகாரி அவள் வேலை செய்யும் இடத்துக்கே வந்தார். காவிரி நீரைச் சுத்திகரித்து ஊருக்கு அனுப்பும் நிலையத்தில் அவள் வேதியியலர். அருள்வளவன் மரியாதையான மனிதர். தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்து நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டுத்தான் விசயத்துக்கு வந்தார். நோய் நிறம் தெரியாமலிருக்க, நலமாக உள்ளவரின் செல்லைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு நீலம் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் கள்ள ஒளி என்று பெயர். தண்டனை உண்டு என்றார்.

“யாருகிட்ட வாங்குனீங்கன்னு நீங்களே சொல்லிட்டா நல்லதுங்க மேடம்.”

“நான் யாருகிட்டயும் எதும் வாங்கலீங்க. அப்பிடி வாங்கறவ நோவு இருக்கற செல்லையா பாத்து வாங்குவேன்?”

“தெரியாம வாங்கி ஏமாந்தவங்களும் இருக்காங்க. செல்லு தானா நடந்து வராதுங்களே.”

ஐயம் நீங்கும்வரை குடிநீர் நிலையத்துக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, அவளை வாசல்வரை அவரே கூட்டிவந்து விட்டார். வழியில் உடன் வேலை செய்கிறவர்கள் குனிந்து திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் தளிர் இல்லை. பள்ளி முடிந்ததும் சேரலாதன் அவளைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டிருந்தான். “சித்த நாளைக்குத்தான். என்னன்னு தெரியட்டும்,” என்றான். நன்மொழியின் கல்லூரித் தோழிகள் இரண்டு பேரை அவன் அழைத்து விசாரித்ததையும் அவர்களில் ஒருத்தியே சொன்னாள். நன்மொழி அவன் கைபேசி ஒலிக்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். அவன் குளிக்கப் போனதும் அதை எடுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததையும் அவள் நம்பவில்லை. தனக்கே தெரியாமல் தன் உடம்பில் ஏதாவது நடந்திருக்குமோ என்று ஒரு மதியம் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்துவிட்டு, தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டதை உணர்ந்து எழுந்து பர்ஹானாவிடம் போனாள்.

“வேற வழியே இல்லையா? புள்ளையும் இல்லாம, ரத்தமும் இல்லாம?”

“ஒண்ணு இருக்குது. கேட்டா நீ கோவிச்சுக்குவீன்னுதான் அன்னைக்குச் சொல்லல.” பர்ஹானா நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். “உங்கம்மாவுக்கு உனக்கு முன்னாடி ஒரு பையன் பொறந்திருந்தா, அவனோட செல்லு அவங்க உடம்புல தங்கியிருக்கும். அப்பறம் நீ வயித்துல இருக்கறப்ப அவங்ககிட்டருந்து உனக்குள்ள வந்திருக்கும். அண்ணன் செல்லு தங்கச்சிக்கு.”

“எனக்கு அண்ணன் கெடையாது.”

“அதான் சொல்றேன், கேட்டா கோவிச்சுக்குவீன்னு.”

நன்மொழி கோபித்துக்கொள்ளவில்லை. அவள் அம்மா விளக்கடியில் நின்றதை ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மா பிரியதர்ஷினி பெருந்துறை சாலையில் மஞ்சள் அரவை ஆலை வைத்திருந்தாள். ‘கையெல்லாம் மஞ்சளு, நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்பாள். அந்த நாளை வந்ததே இல்லை. அறுபது தாண்டியவர்களுக்கு விளக்கு கட்டாயமில்லை என்று ஆனபோது ஊரிலேயே முதலில் விலகியவள் அவள்தான். பயந்த ஆள் என்று மகளும் மருமகனும் கேலி செய்திருந்தார்கள்.

“அது என்ன நோவு?” என்று கிளம்பும்போது கேட்டாள்.

“ஒரு புரதம் தப்பா மடியற நோய். பரம்பரையா வரும். நாப்பது வயசு வரைக்கும் ஒண்ணும் தெரியாது. அதுக்கப்பறம் அந்தப் புரதம் போய் நரம்புலயும் நெஞ்சுத் தசையிலயும் படிய ஆரம்பிக்கும். படியறதுக்கு முன்னாடி ஒரே ஒரு மரபுத் திருத்த ஊசி போட்டா நின்னுரும். இந்தக் குறியோட தமிழ்நாட்டுல ஒரு ஆம்பளைகூடப் பதிவுல இல்ல மொழி, தேடிட்டேன். விளக்குக்கு வெளிய எங்கியோ இருக்கோணும். இல்லைன்னா செத்திருக்கோணும்.”

“செல்லு உயிரோட இருக்குதுன்னயே.”

“அவரு போயிட்டாலும் அது உனக்குள்ள உயிரோடதான் இருக்கும்.”

ஆலையில் அரவை ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மகளைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். வேலை போனதும் தளிர் நாத்தனார் வீட்டில் இருப்பதும் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

“அம்மா, எனக்கு முன்னாடி உனக்கு வேற குழந்தை பொறந்துச்சா?”

அம்மா அவளை உற்றுப் பார்த்தாள். “யாரு கேட்டுட்டு வரச் சொன்னாங்க உன்ன? மாப்பிள்ளையா?”

“யாரும் சொல்லல. நான்தான் கேக்கறேன்.”

“பைத்தியம் புடிச்சிருக்குதா உனக்கு? வெளக்கு என்னமோ காட்டுதுன்னா என்னைய எதுக்கு இழுக்கற?”

“அவரு எம்மேல சந்தேகப்படறாரும்மா.”

“படட்டும். ஆம்பளைக அப்பிடித்தான். நாலு நாள் போனா மறந்துருவாங்க.” அம்மா எழுந்து, ஏற்கெனவே அடுக்கியிருந்த மூட்டைகளை மறுபடி சரி செய்தாள். நன்மொழிக்கு அந்த முதுகைப் பார்க்கப் பார்க்கத் தெளிவாகிக்கொண்டே வந்தது. இதைச் சொல்லாமல் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

“அது நோவு இருக்கற செல்லும்மா. நெஞ்சுத் தசையில படியற நோவு. அந்த ஆளுக்கு யாராச்சும் சொல்லலைன்னா நாப்பதுக்கு மேல ரொம்ப நாள் தாங்கமாட்டாருங்கறா பர்ஹானா.”

அம்மாவின் கை மூட்டையின் மேலேயே நின்றது.

“அவரு நாப்பத்தாறுல போனாரு,” என்றாள். “மொதல்ல வெரலு மரத்துச்சாமா, அப்பறம் செருப்பு மாட்டக் குனிஞ்சா மூச்சு வாங்குதுன்னு சொல்லுவாராம். அவரோட தங்கச்சி என்ற ஆலைக்கு மஞ்ச வாங்க வர்றப்ப சொல்லுச்சு. நான் அதுக்கும் மேல ஒண்ணும் கேட்டுக்கல. உங்கப்பா பக்கத்துல இருந்தாரு.”

பிறகு துண்டு துண்டாகச் சொன்னாள். கல்லூரியில் படித்தபோது பழகியவர். வேறு சாதி ஆளுங்க, வீட்டில் தெரிந்ததும் அவரை அடித்துத் துரத்தினார்கள். அவளைக் கொள்ளேகாலில் இருந்த சித்தி வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். பிறந்த பையனை, பக்கத்தில் பட்டுப்புழு வளர்த்துக்கொண்டிருந்த பிள்ளையில்லாத தம்பதி எடுத்துக்கொண்டார்கள். மாதேசன் என்று பெயர் வைத்ததாகச் சித்தி ஒருமுறை சொன்னாள். அதற்கப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

“இப்ப உசுரோட இருக்கானா கண்ணு?”

“தெரியலம்மா.”

“உனக்குள்ள ஓடுதுன்னு சொன்னயே.”

அவன் இல்லாவிட்டாலும் அது ஓடும் என்று நன்மொழி சொல்லவில்லை. அம்மா கையை அலம்பப் போனாள். சோப்பு நுரையில் மஞ்சள் கரையக் கரைய, நகக்கண்ணெல்லாம் தேய்த்தாள். “போலாம், வா. உன்ற சிநேகிதிகிட்ட நானே கையக் காட்டறேன்,” என்றாள்.

பர்ஹானாவின் மையத்தில் பிரியதர்ஷினிக்கு ஒளிமி ஊசி போட்டு, அது உடம்பில் பரவும்வரை உட்கார வைத்தார்கள். பிறகு விளக்கைப் போட்டார்கள். நன்மொழியின் கையில் எப்போதாவது ஓடிய செம்மஞ்சள், அம்மாவின் மெல்லிய மணிக்கட்டில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா அதைத் தொடப் போனாள். பர்ஹானா கையைப் பிடித்துத் தடுத்தாள்.

கொள்ளேகாலுக்குப் போவதை நன்மொழி கணவனிடம் சொல்லவில்லை. சொன்னால், அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்து நம்புவான். அப்படிப்பட்ட நம்பிக்கை அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திம்பம் மலைப்பாதையில் வண்டி ஏறிக்கொண்டிருந்தபோது அவனே அழைத்தான்.

“மொழி, வந்துருச்சு.”

“என்ன வந்துச்சு?”

“ஐயம் நீங்கியதுன்னு. வாரியத்துலருந்து. உங்கம்மாவோடதும் உன்னுதும் ஒத்துப்போகுதாமா.” அவன் குரலில் பாரம் இறங்கியிருந்தது. “தளிரை இப்பவே போய்க் கூட்டிட்டு வந்தர்றேன். நீ எங்கிருக்க?”

“ஐயம் நீங்குனது வாரியத்துக்கா, உங்களுக்கா?”

அவன் பதில் சொல்வதற்குள் வளைவில் தொடர்பு அறுந்தது. அம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலைக்கு அப்பால் வேறு மாநிலம். அங்கே ஊதாவிளக்கு சட்டம் இல்லை. கொள்ளேகாலைத் தாண்டி ஒரு சிற்றூரில், மல்பெரித் தோட்டத்தை ஒட்டிய நீளமான கொட்டகையில் மாதேசன் இருந்தான். யாரைக் கேட்டாலும் வழி காட்டியபோதே, அவன் உயிரோடு இருக்கிறான் என்று அம்மாவுக்கு மூச்சு திரும்பி வந்திருந்தது. அவன் தழைக்கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தான். தாடியில் நரை. நெற்றி அம்மாவின் நெற்றி.

நன்மொழி விசயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் இறுகியது. அவன் மனைவி நாகம்மா தண்ணீர்ச் செம்போடு வாசலில் நின்றாள்.

“தமிழ்நாட்டு விளக்குக் கம்பெனியா நீங்க?” என்று எல்லைப்பக்கத்துத் தமிழில் கேட்டான் அவன். “போன வருசமும் ரெண்டு பேர் வந்தாங்க. ஊசி போட்டுக்கோ, இருவது வருசத்துக்கு அப்பறம் வர்றது இன்னைக்கே தெரியும்ன்னாங்க. பேடா, வேண்டாம்னு அனுப்பிட்டேன்.”

“கம்பெனி இல்லீங்க. எனக்குள்ள உங்க செல்லு ஓடுது. அதுலதான் தெரிஞ்சுது.”

“என்னைக் கேக்காம என் உடம்பப் பத்தி உங்க விளக்கு சொல்லிருச்சா?”

வாரக்கணக்கில் நன்மொழியிடம் எல்லோரும் கேட்ட கேள்விகளில், அவளுக்குச் சரியென்று பட்ட முதல் கேள்வி அதுதான்.

“நெலத்துல பங்கு கேக்கறீங்களா? நேராச் சொல்லிருங்க.”

“ஒண்ணும் வேண்டாமுங்க,” என்றாள் அம்மா. “நான் யாருன்னுகூட நீங்க வெச்சுக்க வேண்டாமுங்க. உங்களப் பெத்தவரு நாப்பத்தாறுல போயிட்டாருங்க. மொதல்ல வெரலு மரத்துச்சாமா. கையில புடிச்சது நழுவி விழுமாமா. அப்பறம் குனிஞ்சா மூச்சு வாங்குச்சாமா. அதச் சொல்லத்தான் வந்தேன். சொல்லிட்டேன். நாங்க கெளம்பறோமுங்க.”

வாசலில் செம்பு கீழே வைக்கப்படும் ஓசை கேட்டது.

“யாரோ கம்பெனிக்காரங்கன்னா உங்க கை மரத்துப்போறது இவங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள் நாகம்மா.

“நீ சும்மா இரு.”

“மழைக்கு முன்னாடியே தழை வெட்டற கத்தி கையிலருந்து நழுவிக் கால்ல விழுந்துச்சு. கேட்டா வழுக்கிருச்சுன்னீங்க. அன்னைக்கே நான் நம்பல.” அவள் நன்மொழியின் பக்கம் திரும்பினாள். “ஊசி எங்க போடறாங்க?”

மாதேசன் தன் வலது கையை விரித்து மூடிப் பார்த்தான். கொட்டகைக்குள் புழுக்கள் தழையைத் தின்னும் ஓசை, தூறல் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது.

“எனக்கு அப்பா அம்மான்னு ரெண்டு பேர் இருந்தாங்க. நல்லா வளத்தாங்க,” என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னான். “அவங்க போதும் எனக்கு.”

“ஆமாங்க.”

“ஊசிக்கு மட்டும் வர்றேன்.”

“அது போதுமுங்க,” என்றாள் அம்மா.

சொன்னபடியே ஈரோட்டுக்கு வந்தான். நோய் நெஞ்சில் கொஞ்சம் படிந்திருந்தது. படிந்தது போகாது, இனிமேல் படியாது என்றாள் பர்ஹானா. ஊசி போட்ட பிறகு அவனை ஒரு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். பிரியதர்ஷினி அறைக்குள் போகவில்லை. நாகம்மாவோடு நடைக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். தயிர்ச்சாதம் அவனுக்குப் பிடிக்குமா என்று கேட்டாள். புளித்தால் பிடிக்காது என்றாள் நாகம்மா. அதை அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

மதியம் சேரலாதன் எல்லோருக்கும் சாப்பாடு கொண்டுவந்தான். ஐயம் நீங்கியதிலிருந்து அவன் வீட்டில் மன்னிப்புக் கேட்காத நாளில்லை. நன்மொழிக்கு வேலையும் திரும்பக் கிடைத்திருந்தது. அருள்வளவன் அழைத்து வருத்தம் தெரிவித்திருந்தார். சேரலாதன் தூக்குப்போசியை வைத்துவிட்டு, மனைவியைச் சன்னலோரம் கூப்பிட்டான்.

“இன்னைக்கு உன்னுது எனக்கு வரல மொழி. வெளக்கு வேல செய்யலையா?”

“செய்யுது. காத்தால பாத்தேன். இனி உங்களுக்கு வராது. குடும்ப ஒளியிலருந்து விலகிட்டேன்.”

“இன்னும் கோவமா?”

“கோவம் போயிருச்சுங்க.”

“அப்பறம் எதுக்கு? மறைக்கறதுக்கு என்ன இருக்குது?”

“ஒண்ணும் இல்ல. நான் சொன்னப்பவும் ஒண்ணும் இல்ல. ஆனா என்ற பேச்சு உங்களுக்குப் பத்தல. கையில ஓடுனதைத்தான் கேட்டீங்க.”

“அக்கா கேட்டா என்ன சொல்றது? விலகிட்டான்னா ஊருக்குள்ள என்ன நெனைப்பாங்கன்னு தெரியுமில்ல?”

“தெரியுமுங்க. அவங்க நெனைச்சுட்டுப் போகட்டும். நீங்க என்ன நெனைக்கறீங்கங்கறதுதான் எனக்கு முக்கியம்.”

நடைக்கூடத்தின் மறுகோடியில் நாகம்மா இலை போட்டுக்கொண்டிருந்தாள். சேரலாதன் சன்னலுக்கு வெளியே பார்த்தான். அவன் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போய்க் கைபேசியைத் தொட்டுவிட்டு, எடுக்காமல் திரும்பியது. அவனுக்கு அது எவ்வளவு சிரமம் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவன் அடுத்துக் கேட்ட கேள்வியை அவளிடம் கேட்டுப் பத்து வருசத்துக்கு மேலாகிவிட்டது. விளக்கு இருக்கக் கேட்கத் தேவையே வந்ததில்லை.

“உனக்கு உடம்பு எப்பிடி இருக்குது?” என்று கேட்டான்.

“நல்லா இருக்குது.”

அவன் கண் அவள் மணிக்கட்டுக்குப் போனது. பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இன்னும் கேள்வி மிச்சமிருந்தது. அவள் கண்ணை எடுக்காமல் நின்றாள்.

“செரி,” என்றான் கடைசியில். “சாப்பிட வா.”